பால் பட்டுவாடாவில் பிழை, ஏ.ஐ. எழுதிய நிரல்: பழி முழுவதும் என்மீதா?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து மென்பொருள் பொறியாளரான வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தைத் தருகிறேன்.

அவருக்கு வயது 27. சித்தூர் தாலுகாவில் தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்து, பொறியியல் பட்டம் பெற்று, கோயம்புத்தூரில் உள்ள சிறிய மென்பொருள் நிறுவனம் ஒன்றில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். வாரத்தில் இரண்டு நாள் வேலந்தாவளம் வழியாகப் பேருந்தில் அலுவலகம் போகிறார். மற்ற நாட்களில் வீட்டிலிருந்தே வேலை. எல்லையின் இருபுறமும் பால் கொள்முதல் செய்யும் ஒரு தனியார் நிறுவனம் அவர்களுடைய வாடிக்கையாளர். பால் ஊற்றும் விவசாயிகளுக்குக் கொழுப்பு அளவையும் எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) அளவையும் வைத்து விலை கணக்கிட்டு வங்கிக் கணக்கில் பட்டுவாடா செய்யும் பழைய மென்பொருளைப் புதிதாக எழுதும் பொறுப்பு இவரிடம் வந்தது. அதை முதலில் எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார்; விளக்கக் குறிப்பு எதுவும் வைத்துவிட்டுப் போகவில்லை. நேரமோ குறைவு. மேலாளரிடம் கேட்டபோது, எந்தக் கருவியை வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள், வெள்ளிக்கிழமைக்குள் முடி என்று வாட்ஸ்அப்பில் பதில் வந்திருக்கிறது. இவர் தம் சொந்தக் கணக்கில் உள்ள ஏ.ஐ. கோடிங் கருவியைப் பயன்படுத்தி வேலையை முடித்தார்.

இரண்டு பட்டுவாடாக்களுக்குப் பிறகு தவறு தெரிந்தது. பால் பரிசோதனைக் கருவி கொழுப்பை 4.27 என்று காட்டினால், விலைப் பட்டியலில் 4.3 என்ற வரிசையை எடுக்க வேண்டும் என்பது நிறுவனத்துக்கும் விவசாயிகளுக்கும் இடையிலான ஏற்பாடு. ஏ.ஐ. எழுதிய நிரல் இரண்டாவது தசம இலக்கத்தை வெட்டிவிட்டு 4.2 என்று எடுத்திருக்கிறது. சிலருக்கு 50 ரூபாயும், மாடு அதிகம் வைத்திருப்பவர்களுக்கு 300 ரூபாய்க்கு மேலும் குறைந்துபோனது. பாதிக்கப்பட்டவர்களில் வாசகியின் பெரியப்பாவும் ஒருவர். விசாரணையின்போது இன்னொன்றும் வெளியே வந்தது: பழைய நிரலில் இருந்த ஒரு பிழையைத் தேடும்போது, சுமார் 400 விவசாயிகளின் பெயர், தொலைபேசி எண், வங்கிக் கணக்கு எண் அடங்கிய கோப்பையும், தரவுத்தளக் கடவுச்சொல் இருந்த ஒரு பக்கத்தையும் இவர் அந்தக் கருவியில் ஒட்டியிருக்கிறார்.

இப்போது ஹெச்.ஆர். பிரிவிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. தானாக ராஜினாமா செய்யாவிட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 65, 66, 72ஏ பிரிவுகளின் கீழ்ப் புகார் கொடுப்போம். ரகசியக் காப்பு ஒப்பந்தப்படி 5 லட்சம் ரூபாய் தர வேண்டும். இழப்பைச் சம்பளத்தில் பிடிப்போம் என்கிறது அது. “நிரலை எழுதியது நானில்லை, கருவிதான் என்று சொல்லித் தப்பிக்க முடியுமா? கருவியோடு நடந்த உரையாடல்களை எல்லாம் அழித்துவிட்டால் போதுமா? ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்குமா? இனி இந்தக் கருவிகளைத் தொடவே கூடாதா? கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம் படிக்கும் என் தம்பிக்கு வேலை கிடைக்குமா?” என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: ராஜினாமாக் கடிதத்தை இன்று எழுதாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். இந்த இரண்டையும் நீங்கள் செய்யாதிருந்தால், மற்ற எல்லாவற்றையும் நிதானமாகச் சரிசெய்ய வழியிருக்கிறது.

நீங்கள் மூன்று வெவ்வேறு காரியங்களை ஒரே குற்றமாகச் சேர்த்து வைத்துக்கொண்டு பயப்படுகிறீர்கள். உங்கள் நிறுவனமும் அப்படிச் சேர்த்தே மின்னஞ்சல் எழுதியிருக்கிறது. ஏ.ஐ. கருவியைப் பயன்படுத்தியது ஒன்று. அதில் தவறான நிரல் வந்து அது நடைமுறைக்குப் போனது இரண்டு. விவசாயிகளின் விவரங்களையும் கடவுச்சொல்லையும் வெளியார் கருவி ஒன்றில் ஒட்டியது மூன்று. முதலாவது குற்றமே அல்ல, அதுவும் மேலாளரின் எழுத்துபூர்வமான அனுமதி இருக்கும்போது. இரண்டாவது தொழிலில் நேரும் பிழை. அதில் உங்களுக்கும் பங்கு உண்டு, உங்கள் நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. மூன்றாவதுதான் கவலைப்பட வேண்டியது. எந்தக் கருவியை வேண்டுமானாலும் பயன்படுத்து என்ற அனுமதி, வாடிக்கையாளரின் தரவை எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோ என்று பொருள் தராது. அந்த வாட்ஸ்அப் செய்தி உங்களை முழுமையாகக் காப்பாற்றிவிடும் என்று நீங்கள் கடிதத்தில் எழுதியிருப்பதை நான் இந்த அளவுக்குத் திருத்த வேண்டியிருக்கிறது.

ஜெயில் என்ற பயம்

மின்னஞ்சலில் காட்டியுள்ள பிரிவுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 65-ஆம் பிரிவு, சட்டப்படி பராமரிக்க வேண்டிய கணினி மூல நிரலைத் தெரிந்தே மறைப்பது, அழிப்பது, மாற்றுவது பற்றியது. நீங்கள் எழுதியிருப்பதில் அப்படி எதுவும் இல்லை. 66-ஆம் பிரிவின் கீழ் மூன்று ஆண்டு வரை சிறையோ 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம் என்பது உண்மை. ஆனால் அதற்கு, 43-ஆம் பிரிவில் சொல்லப்பட்ட, அனுமதியின்றித் தரவை நகலெடுப்பது போன்ற செயலை நேர்மையற்ற எண்ணத்தோடோ மோசடி எண்ணத்தோடோ செய்திருக்க வேண்டும். 72ஏ பிரிவுக்கும், ஒருவருக்குத் தவறான இழப்பையோ ஆதாயத்தையோ உண்டாக்கும் நோக்கம் அல்லது அப்படி நேரக்கூடும் என்ற அறிவு இருக்க வேண்டும். இரவு உட்கார்ந்து பிழை தேடிக்கொண்டிருந்த ஒரு பொறியாளர் அவசரத்தில் கோப்பை ஒட்டியதில் இந்த எண்ணத்தை நிரூபிப்பது கடினம். அதனால் ஜெயில் பயத்தை மனதிலிருந்து இறக்கி வையுங்கள்.

சிவில் பொறுப்பு வேறு. 43-ஆம் பிரிவின் கீழ் இழப்பீடு கேட்பதற்குக் கெட்ட எண்ணத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. உரியவரின் அனுமதியின்றித் தரவை நகலெடுத்திருந்தாலே கோரிக்கை எழலாம். வேலைக்காக அந்தக் கோப்பைத் திறக்க உங்களுக்கு அனுமதி இருந்தது என்பது உங்களுக்குச் சாதகமான வாதம். அதை வெளியே ஒட்ட அனுமதி இருந்ததா என்பது அவர்களுடைய கேள்வி. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த அபராதம், தரவைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கானது. மாதச் சம்பளம் வாங்கும் ஊழியர்மீது விதிப்பதற்கானது அல்ல. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன.

நீங்கள் செய்தது உலகத்தில் யாரும் செய்யாதது என்றும் நினைக்க வேண்டாம். 2023-இல் சாம்சங் நிறுவனத்தின் பொறியாளர்கள் உள் நிரலை சாட்ஜிபிடியில் ஒட்டியது தெரியவந்து, அந்த நிறுவனம் அத்தகைய கருவிகளுக்கே தடை போட்டது. அவ்வளவு பெரிய இடத்திலும் இந்தத் தவறு நடந்ததற்குக் காரணம் எளிது: பிழைச் செய்தியை ஒட்டினால் பதில் வருகிறது, கூடவே கோப்பையும் ஒட்டினால் இன்னும் நல்ல பதில் வருகிறது. கருவியின் பயனும் ஆபத்தும் ஒரே செயலில் இருக்கின்றன. தனிநபர் கணக்குகள் பலவற்றில், நாமே அமைப்புகளில் போய் மாற்றாவிட்டால், உரையாடல்கள் அடுத்த ஏ.ஐ. மாதிரியைப் பயிற்றுவிக்கப் பயன்படலாம். நிறுவனங்களுக்கான கட்டணக் கணக்குகளில், அப்படிப் பயன்படுத்த மாட்டோம் என்று பொதுவாக ஒப்பந்தத்திலேயே உறுதி தருகிறார்கள். உங்கள் நிறுவனம் மாதச் சந்தா கட்டி அப்படியொரு கணக்கை ஏற்பாடு செய்து தந்திருந்தால் இந்த மூன்றாவது காரியத்தின் தீவிரம் பெருமளவு குறைந்திருக்கும். இதை உங்கள் பதிலில் பணிவாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்.

அழித்துவிடலாமா?

கூடாது. நீதிமன்றத்திலோ அரசு அதிகாரி முன் நடக்கும் விசாரணையிலோ ஆதாரமாகக் கேட்கப்படக்கூடிய மின்னணுப் பதிவை அது கிடைக்காமல் செய்வதற்காக அழிப்பது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-ஆம் பிரிவின் கீழ்த் தனிக் குற்றம். இப்போது உங்களிடம் இல்லாத கெட்ட எண்ணத்தை அந்த ஒரு செயல் உண்டாக்கிக் கொடுத்துவிடும். என் அனுபவத்தில், இப்படிப்பட்ட விவகாரங்களில் ஊழியர்கள் சிக்கிக்கொள்வது முதல் தவறால் அல்ல, அதை மூடி மறைக்கச் செய்த இரண்டாவது காரியத்தால்தான்.

அதே சமயம், 400 குடும்பங்களின் கணக்கு எண்கள் ஓர் அந்நிய சர்வரில் கிடப்பதும் நல்லதல்ல. ஆகவே வரிசை முக்கியம். என்னென்ன ஒட்டினீர்கள், எந்தத் தேதியில், எந்தக் கருவியில், எந்தக் கணக்கில் என்று ஒரு குறிப்பு எழுதி நிறுவனத்துக்கு அனுப்புங்கள். உரையாடல்களின் நகலை நிறுவனம் எடுத்துக்கொள்ளட்டும். பிறகு அவர்களுடைய எழுத்துபூர்வமான சம்மதத்தோடு அழியுங்கள். சேவை நிறுவனத்திடமும் நீக்கக் கோரிக்கை வையுங்கள். கடவுச்சொல் விஷயத்தில் மட்டும் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். அது இன்னும் மாற்றப்படவில்லையென்றால், இன்றே மாற்றச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள்.

இதில் நிறுவனத்துக்கும் கடமை உண்டு. இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி இட்ட உத்தரவுப்படி, தரவுக் கசிவு போன்ற சம்பவங்கள் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் விவகாரம் அந்த வரையறைக்குள் வருமா என்று முடிவு செய்ய வேண்டியது நிறுவனம். முடிவு செய்யத் தேவையான தகவலைத் தாமதமின்றித் தர வேண்டியது நீங்கள்.

ஆதாரத்தைச் சேகரிப்பதாக நினைத்துக்கொண்டு அலுவலகக் கோப்புகளையும் நிரலையும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடாதீர்கள். நிறையப் பேர் இப்படிச் செய்து, இல்லாத வழக்கை உண்டாக்கிக்கொள்கிறார்கள். மேலாளரின் வாட்ஸ்அப் செய்தி, ஹெச்.ஆர். மின்னஞ்சல், நியமனக் கடிதம், நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள் ஆகியவை போதும். அந்தச் செய்தி இருக்கும் செல்பேசியை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது; மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் இணைக்க வேண்டும், அதற்கு மூலச் சாதனம் உங்களிடம் இருப்பது நல்லது.

5 லட்சம், ராஜினாமா, சம்பளப் பிடித்தம்

ஒப்பந்தத்தில் 5 லட்சம் என்று எழுதியிருப்பதால் அது அப்படியே உங்கள்மீது விழாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட தொகை உச்ச வரம்பு; அதற்குள் நியாயமான இழப்பீட்டைத்தான் நீதிமன்றம் தீர்மானிக்கும். அதற்காக இத்தகைய நிபந்தனைகள் எல்லாமே செல்லாது என்று உங்கள் நண்பர் சொல்வதையும் நம்பிவிடாதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், குறைந்தபட்சப் பணிக்காலத்தை முடிக்காமல் விலகிய அதிகாரி 2 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது பொதுத்துறை வங்கியின் ஆள்சேர்ப்புச் செலவை ஒட்டிய வழக்கு, உங்களுடையது வேறு. என்றாலும், கையெழுத்திட்ட தாளை வெற்றுத்தாள் என்று நினைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சம்பளப் பிடித்தம் பற்றி: 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு, எந்தெந்தக் காரணங்களுக்காகச் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று பட்டியலிட்டிருக்கிறது. இழப்புக்காகப் பிடிக்க வேண்டுமென்றால், ஊழியருக்குக் காரணம் சொல்ல வாய்ப்புத் தந்த பிறகே பிடிக்க முடியும். வேலையை விட்டு நீங்கினாலோ நீக்கப்பட்டாலோ, சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது.

தானாக ராஜினாமா செய்யச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. நீக்குவதாக இருந்தால் அவர்கள் முறைப்படி விசாரிக்க வேண்டும். உங்கள் வீடு கேரளத்தில் இருந்தாலும், வேலை கோயம்புத்தூர் அலுவலகத்தோடு இணைந்தது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது. ஒழுங்கீனம் என்று சொல்லி நோட்டீஸ் இல்லாமல் நீக்குவதானால், விசாரணை நடத்திச் சான்று பதிவு செய்திருக்க வேண்டும். அந்த முடிவை எதிர்த்து மேல்முறையீடும் உண்டு. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. உங்கள் பதவியின் பெயரில் சீனியர் என்று இருப்பதால் மட்டும் நீங்கள் அந்த வகையில் சேர்ந்துவிட மாட்டீர்கள். நீங்கள் உண்மையில் செய்யும் வேலை என்ன என்பதுதான் பார்க்கப்படும். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் இந்தக் கதவுகள் எல்லாம் உங்கள் கையாலேயே மூடப்பட்டுவிடும்.

எழுதியது கருவி என்று சொல்லலாமா?

இதில் உங்களோடு நான் உடன்படவில்லை. சட்டத்தின் கண்ணில் கருவி ஒரு நபர் அல்ல. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 2(டி)(6) பிரிவில், கணினி உருவாக்கிய படைப்புக்கு, அதை உருவாகச் செய்த நபரே ஆசிரியர் என்கிறது. வேலை ஒப்பந்தத்தின் கீழ் எழுதப்பட்டதன் முதல் உரிமை 17-ஆம் பிரிவுப்படி முதலாளிக்குப் போகிறது. இன்றைய ஏ.ஐ. கருவிகளுக்கு இந்த வரிகள் எப்படிப் பொருந்தும் என்பதில் வாதங்கள் இன்னும் முடியவில்லை. ஆனால் நிரலை உங்கள் பெயரில் சேர்த்து, முடிந்தது என்று அறிவித்தது நீங்கள்தான். அதைப் படித்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டியவர் உங்கள் மேலாளர். இரண்டாவது ஆள் பார்க்காமலே, பணம் போகும் மென்பொருளை நேரடியாக நடைமுறைக்கு விட்டது நிறுவனத்தின் நடைமுறைக் குறை. பொறுப்பு இந்த வரிசையில்தான் பகிரப்பட வேண்டும். கருவியின்மீது பழியைப் போட்டால், உங்களுக்கு மேலே இருப்பவர்களின் பங்கைச் சுட்டிக்காட்டும் தகுதியை நீங்கள் இழந்துவிடுவீர்கள்.

நடந்ததை நுணுக்கமாகப் பார்த்தால் இந்தக் கருவிகளின் இயல்பே புரிந்துவிடும். கொழுப்பை 4.3 என்று எடுக்க வேண்டும் என்ற விதி எந்த இணையப் பக்கத்திலும் இல்லை. கொள்முதல் நிலையத்தில் நிற்பவருக்கும் பால் ஊற்றுபவருக்கும்தான் அது தெரியும். பழைய நிரலில் ஏதோ ஒரு மூலையில் அது இருந்திருக்கலாம். கருவிக்கு அது சொல்லப்படவில்லை. அது ஊகித்தது, தயக்கமில்லாமல் எழுதியது. அதைவிட முக்கியமானது, நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனைகளையும் அதே கருவியை எழுதச் சொன்னதாக நீங்கள் குறிப்பிட்டிருப்பது. தவறாகப் புரிந்துகொண்ட ஒன்றே கேள்வித்தாளையும் தயாரித்து விடையையும் எழுதினால் எல்லாம் சரியென்றுதான் வரும். 4.27-க்கு 4.2 வர வேண்டும் என்றே அந்தச் சோதனைகள் எதிர்பார்த்தன. எல்லாம் பச்சை விளக்கு காட்டின. உங்கள் பெரியப்பாவின் ஒரு பழைய பட்டுவாடாச் சீட்டை எடுத்து வைத்துக் கையால் கணக்கிட்டுப் பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் பிடிபட்டிருக்கும். பணம், மருந்து, வரி, வட்டி போன்ற கணக்குகளில் எதிர்பார்க்கும் விடையை மனிதர்தான் எழுத வேண்டும் என்பதை நான் மிக அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஆனால் கருவிகளைத் தொடவே மாட்டேன் என்று நீங்கள் எழுதியிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. விளக்கக் குறிப்பே இல்லாத பழைய நிரலை வரிவரியாகத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்டு, முதல் முறையாக யாரிடமும் கூச்சப்படாமல் கேள்வி கேட்க முடிந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அது சின்ன விஷயமல்ல. கேரளத்தில் தமிழ் வழியில் படித்து, கல்லூரியில் ஆங்கிலத்தோடும் மலையாளத்தோடும் மல்லுக்கட்டி வந்த பிள்ளைகளுக்கு, பொறுமையாகத் திரும்பத் திரும்ப விளக்கும் ஒன்று கையில் இருப்பது பெரிய பலம். அந்தப் பலத்தை ஒரு தவறுக்காக விட்டுவிட வேண்டாம்.

வேகம் பற்றிய பேச்சுகளை மட்டும் கவனமாக எடுத்துக்கொள்ளுங்கள். கிட்ஹப் நிறுவனத்தின் ஏ.ஐ. கோடிங் கருவியான கோபைலட்டை வைத்து 95 பேரிடம் நடத்திய சோதனையில், ஒரு சிறிய சர்வர் நிரலைப் புதிதாக எழுதும் வேலையைக் கருவி வைத்திருந்தவர்கள் சுமார் 55 சதவீதம் குறைந்த நேரத்தில் முடித்தார்கள். அதை வெளியிட்டதில் கிட்ஹப்புக்கே பங்கு உண்டு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 2025-இல் மெட்டர் என்ற ஆய்வு அமைப்பு, தாங்கள் நன்கறிந்த பெரிய திறந்தமூல மென்பொருள்களில் வேலை செய்யும் 16 அனுபவசாலிகளிடம் 246 வேலைகளைக் கொடுத்துப் பார்த்தது. ஏ.ஐ. கருவியோடு அவர்களுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ 20 சதவீதம் வேகமாக முடித்ததாக நம்பினார்கள். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாக எனக்குப் படவில்லை. வேலை எளியதாக, புதியதாக, உலகெங்கும் ஒரே மாதிரி இருந்தால் கருவி தூக்கிக்கொண்டு ஓடுகிறது. வேலை ஆழமானதாக, எழுதப்படாத விதிகள் நிறைந்ததாக இருந்தால், அது தந்ததைச் சரிபார்த்துத் திருத்துவதிலேயே நேரம் போகிறது. பட்டுவாடா மென்பொருளில் திரை வடிவமைப்பு முதல் வகை. விலைக் கணக்கு இரண்டாம் வகை. மேலாளர் தந்த கெடு எல்லாவற்றையும் முதல் வகையாக நினைத்துப் போடப்பட்டது.

பாதுகாப்பு விஷயத்தில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல், பாதுகாப்புக் குறை நேரக்கூடிய 89 சூழல்களைக் கொடுத்துக் கோபைலட்டிடமிருந்து 1,689 நிரல்களைப் பெற்றபோது, சுமார் 40 சதவீதத்தில் ஓட்டைகள் இருந்தன. அதன்பின் கருவிகள் மேம்பட்டிருக்கின்றன, ஆனாலும் பார்க்காமல் ஏற்கும் நிலை வந்துவிடவில்லை. பிறர் எழுதி இணையத்தில் வைத்திருக்கும் நிரல் தொகுப்புகளைப் பரிந்துரைக்கும்போது, இல்லாத ஒன்றின் பெயரை இருப்பதாகச் சொல்வது இன்னொரு குறை. 16 ஏ.ஐ. மாதிரிகளை வைத்து 5,76,000 நிரல்களை ஆராய்ந்த ஒரு குழு, பரிந்துரைக்கப்பட்ட தொகுப்புகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இல்லாதவை என்று கண்டது. அப்படிப்பட்ட பெயரில் தீய நிரல் ஒன்றை யாராவது பதிவேற்றி வைத்துவிட்டால், பெயரைச் சரிபார்க்காமல் நிறுவுகிற பொறியாளரின் கணினி வழியாக அது நிறுவனத்துக்குள் நுழைந்துவிடும்.

பிறர் எழுதிய நிரலைப் பயன்படுத்துவதற்கான உரிமப் பிரச்சினை உங்கள் விவகாரத்தில் எழவில்லை. ஒரு வரி மட்டும் சொல்கிறேன். பொதுவெளி நிரலை உரிமக் குறிப்பின்றித் திருப்பித் தருகிறது என்று கோபைலட்டின்மீது 2022 நவம்பரில் கலிபோர்னியாவில் வழக்கு தொடரப்பட்டது. அதன் பல கோரிக்கைகள் தள்ளுபடியாகிவிட்டன, என்றாலும் பொது நிரலோடு ஒத்துப்போகும் பரிந்துரைகளைத் தடுக்கும் அமைப்பை இயக்கி வைத்துக்கொள்வது நல்ல வழக்கம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

கடவுச்சொல் பற்றிய மின்னஞ்சல் இன்றே போகட்டும். அடுத்து, ஹெச்.ஆர். மின்னஞ்சலுக்கு இரண்டு பக்கத்துக்கு மேல் போகாத ஒரு பதில் தயாரியுங்கள். நடந்ததைத் தேதிவாரியாக, உணர்ச்சி கலக்காமல் எழுதுங்கள். மேலாளர் கருவிக்கு அனுமதி தந்ததையும், எழுத்துபூர்வமான ஏ.ஐ. கொள்கை எதுவும் உங்களுக்குத் தரப்படவில்லை என்பதையும், நடைமுறைக்கு விடும் முன் வேறு யாரும் நிரலைப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லுங்கள். தரவை ஒட்டியது தவறு என்பதை மறைக்க வேண்டாம். கெட்ட நோக்கம் இல்லை, ஆதாயம் எதுவும் பெறவில்லை என்று அதே வாக்கியத்தில் சேருங்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், இழப்பு முழுவதையும் ஏற்கிறேன் என்ற சொற்கள் எங்கும் வரக் கூடாது. அனுப்பும் முன் ஒரு வழக்கறிஞரிடம் நேரில் காட்டுங்கள். உங்கள் ஒப்பந்தங்களைப் பார்க்காமல் நான் சொல்லும் இது பொதுவான ஆலோசனைதான். செலவுக்குப் பயந்து தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. கோயம்புத்தூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்; 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

அந்தப் பதிலிலேயே இன்னொன்றையும் முன்வையுங்கள். குறைந்துபோன தொகையை ஒவ்வொரு விவசாயிக்கும் மறுகணக்கிட்டு, அடுத்த பட்டுவாடாவோடு நிலுவையாகச் சேர்த்துத் தருவதற்கான பட்டியலைத் தயாரிக்க நீங்கள் தயார் என்று எழுதுங்கள். தரவுகள் இருக்கின்றன, விதி தெரிந்துவிட்டது. அது சில நாள் வேலைதான். அந்தப் பணம் அவர்களுக்குச் சேர வேண்டியது, யாருடைய பழி எவ்வளவு என்று முடிவாகும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளர் கேட்கக்கூடிய இழப்பீட்டைக் குறைக்கவும் இதுவே வழி என்பதை உங்கள் நிறுவனம் உணரும். உங்கள் பெரியப்பா குறைந்த தொகைக்காகக் கொள்முதல் நிலையத்தில் விளக்கம் கேட்டால் அது அவருடைய உரிமை. உங்களுக்காக அவரைப் பேசாமல் இருக்கச் சொல்லாதீர்கள்.

தம்பியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேலைச் சந்தை இரண்டு ஆண்டில் எப்படி இருக்கும் என்று ஆரூடம் சொல்ல நான் விரும்பவில்லை. ஆரம்பநிலைப் பொறியாளர்களுக்கு முன்பு தரப்பட்ட எளிய வேலைகளைத்தான் இந்தக் கருவிகள் முதலில் எடுத்துக்கொள்கின்றன என்பதால் அவருடைய கவலையில் நியாயம் இருக்கிறது. கல்லூரிப் பணிகளைக் கருவியிடம் கொடுத்து முடிப்பதைக் குறைத்துக்கொண்டு, மற்றவர் எழுதிய நிரலைப் படித்துப் பிழை கண்டுபிடிக்கவும், கருவி இல்லாமல் சோதனை எழுதவும் இப்போதே பழகச் சொல்லுங்கள். மறுகணக்குப் பட்டியலுக்கான விதியை உங்களுக்கு அனுமதி கிடைத்த பிறகு, உண்மையான பெயர்களும் எண்களும் இல்லாமல் கற்பனைத் தரவை வைத்து, அவரிடம் ஒருமுறை விளக்கிப் பாருங்கள். அவர் கேட்கும் சந்தேகங்களில் ஒன்றிரண்டு உங்கள் நிரலில் இன்னும் பார்க்கப்படாத இடங்களைக் காட்டக்கூடும், 4.25 சரியாக வந்தால் எந்தப் பக்கம் எடுப்பது என்பதை இன்னும் யாரும் எழுத்தில் உறுதி செய்யவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அதை வாடிக்கையாளரிடம் மின்னஞ்சலில் கேட்டு வாங்கிவிடச் சொல்லி உங்கள் பதிலிலேயே சேருங்கள்.